எஞ்சின் மாறிய விமானம்

சுங்கை பட்டாணியிலிருந்து நாம் காணும் ஜெராய் மலையின் உயரம் 1,217 மீட்டர். அதைப்போல் நான்கரை மடங்குக்கும் மேலான உயரத்தில், 1960-இல் ஒரு சிறு விமானம் பனிமீது இறங்கியது. நேப்பாளத்தில் தவுளகிரி மலையேறிகளுக்குச் சாமான் சுமந்த அது, சுவிட்சர்லாந்தின் பிலாட்டஸ் நிறுவனத்தார் 1959-இல் முதன்முதல் பறக்கவிட்ட 'போர்ட்டர்'. சுமைதூக்குபவர் என்பது அதன் பொருள்.

1961-இல் அவ்விமானத்திற்கு டர்பைன் எஞ்சின் பொருத்தினார்கள். எரிபொருள் மண்ணெண்ணெய் வகை. எடை குறைவு, ஆற்றல் மிகுதி. அது விரைந்து மேலேறும். குறுகிய திடலிலும் இறங்கும். இதைக் கண்டு பாராசூட் குதிப்பாளர்கள் இருக்கைகளைக் கழற்றிவிட்டுப் பயன்படுத்தலானார்கள். பத்துப் பேர் வரை தரையில் அமர்வர். சுமார் 4,000 மீட்டரில் பக்கக் கதவைத் திறந்து குதிப்பர். 2022-இல் உற்பத்தி நின்றாலும் பழையவை இன்றும் பறக்கின்றன.

பால்மரம் சாய்ந்து செம்பனை வந்தபோது, "இனி நமக்கு என்ன வேலை?" என்று கெடாத் தோட்டங்களில் பலர் கலங்கினார்கள். தொழில் மாறியதால் அவ்விமானம் வீணாகவில்லை. புது எஞ்சின் அதற்குப் புது வாழ்வு தந்தது. நம் பிள்ளைகளுக்கு அந்த எஞ்சின் கல்விதான். அவர்களைப் பாதியில் பள்ளியைவிட்டு நிறுத்திவிடாதீர்கள்.