விலை இறங்கும், செலவு இறங்காது: ஒரு பழைய ரோல்ஸ் ராய்ஸின் கதை

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். ஆனால் காசு கொடுத்து வாங்கும் மாட்டைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அதுவும் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்றால் இரண்டு முறை பார்க்க வேண்டும்! மாட்டுச் சந்தையின் இந்த விதி பழைய சொகுசுக் கார்களுக்கும் அப்படியே பொருந்தும். இங்கிலாந்தில் இந்தப் பாடத்தைப் பலருக்குச் செலவு வைத்துச் சொல்லிக் கொடுத்த கார் ஒன்று உண்டு. அதன் பெயர் ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் ஷேடோ.

பிறந்த கதை

1965 அக்டோபரில் சில்வர் ஷேடோ அறிமுகமானது. அதுவரை ரோல்ஸ் ராய்ஸ் கார்களில் அடிச்சட்டம் தனி, மேல்கூடு தனி. ஷேடோவில்தான் முதல் முறையாக இரண்டும் ஒன்றாயின. கூடே சட்டம், சட்டமே கூடு. நான்கு சக்கரங்களுக்கும் டிஸ்க் பிரேக் வந்தது. பின்னால் எவ்வளவு பாரம் ஏற்றினாலும் வண்டி தன் உயரத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் அமைப்பும் வந்தது. அந்தத் தொழில்நுட்பம் பிரான்ஸின் சிட்ரன் நிறுவனத்திடம் உரிமம் பெற்றது.

6,230 சிசி வி8 எஞ்சின், 1970-ல் 6,750 சிசி ஆனது. குதிரைத்திறன் எவ்வளவு என்று கேட்டால் "போதுமான அளவு" என்பதுதான் நிறுவனத்தின் பதில். எண்ணைச் சொல்லவே மாட்டார்கள் :-)

1971 பிப்ரவரி 4 அன்று ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம் திவாலானது. காரணம் கார் இல்லை. ஆர்பி211 என்ற விமான எஞ்சினை உருவாக்கும் செலவு கையை மீறிப் போனதுதான் காரணம். விமான எஞ்சின் பிரிவை அரசு எடுத்துக்கொண்டது. கார் பிரிவு தனி நிறுவனமாகப் பிழைத்தது. 1977-ல் ஷேடோ 2 வந்தது. 1980-ல் உற்பத்தி நின்றபோது இரண்டும் சேர்ந்து சுமார் 25,000 கார்கள் வெளிவந்திருந்தன. இவ்வளவு கார்கள் இருந்ததால்தான் பிற்காலத்தில் பழைய கார் சந்தையில் ஷேடோ தாராளமாகக் கிடைத்தது.

தேய்மானக் கணக்கு எங்கே தவறுகிறது?

தேய்மானம் என்பது வணிகவியல் மாணவர்கள் முதலாண்டிலேயே படிக்கும் பாடம். ஆண்டுதோறும் சொத்தின் மதிப்பைக் குறைத்து எழுதிக்கொண்டே வந்தால் ஒருநாள் அது ஏட்டில் கிட்டத்தட்டப் பூஜ்யமாகிவிடும். ஷேடோவுக்கும் அதுதான் நடந்தது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் கொடுப்பதே பெரிது என்ற காரை வைத்துக்கொள்ளப் பலரும் யோசித்தார்கள். வருடங்கள் போகப்போக, ஒரு சாதாரணப் புதுக் காரின் விலைக்கே பழைய ஷேடோ கிடைத்தது. ஆசைப்பட்டவர்கள் வாங்கினார்கள்.

ஆனால் குறைந்தது காரின் விலை மட்டும்தான். அதன் பிரேக் பம்ப்பின் விலை குறையவில்லை. அதைக் கழற்றி மாட்டத் தெரிந்த மெக்கானிக்கின் கூலியும் குறையவில்லை. முதல் உரிமையாளர் பெரிய பணக்காரர். சொன்ன தேதியில் சர்வீஸ் செய்தார். நான்காவது உரிமையாளர் காரை வாங்கவே சேமிப்பைக் கரைத்தவர். சர்வீஸைத் தள்ளிப் போட்டார். ஐந்தாவது ஆள் வாங்கியது காரை மட்டுமல்ல, தள்ளிப் போட்ட அத்தனை சர்வீஸையும் சேர்த்துத்தான். இருப்புநிலைக் குறிப்பில் ஏறாத கடன் அது. யானையை வாங்கிவிடலாம், கட்டித் தீனி போடுவதுதான் கஷ்டம்.

எலுமிச்சை சொன்ன பொருளாதாரம்

ஷேடோ விற்பனையில் இருந்த அதே காலத்தில், 1970-ல், ஜார்ஜ் அகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் பழைய கார் சந்தையை உதாரணமாக வைத்து ஒரு கட்டுரை வெளியிட்டார். பழுதான காரை அமெரிக்கப் பேச்சுவழக்கில் "லெமன்", அதாவது எலுமிச்சை என்பார்கள். அவர் சொன்னது இதுதான். காரின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் எல்லாக் காருக்கும் ஒரு சராசரி விலைதான் கொடுப்பார். நல்ல கார் வைத்திருப்பவர் அந்த விலைக்கு விற்க மாட்டார். கடைசியில் சந்தையில் மிஞ்சுவது பெரும்பாலும் எலுமிச்சைகள்.

மூன்று இதழ்கள் திருப்பி அனுப்பிய கட்டுரை இது. 2001-ல் அகர்லாஃபுக்கு, மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் ஆகியோருடன் சேர்த்துப் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது.

அப்படியென்றால் வாங்குபவர் செய்ய வேண்டியது, விற்பவருக்குத் தெரிந்ததைத் தானும் தெரிந்துகொள்வது. ஷேடோவில் அதற்கான இடங்களை அதன் வரலாறே காட்டிக் கொடுக்கிறது.

எங்கே பார்க்க வேண்டும்?

முதலில் துரு. கூடும் சட்டமும் ஒன்று என்பதால் அடிப்பாகம் துருப்பிடித்தால் காரின் எலும்பே போன மாதிரி. கதவுக்குக் கீழே ஓடும் பட்டை, பின்சக்கர வளைவு, பின் ஸ்பிரிங் பொருந்தும் இடம் ஆகியவற்றைப் படுத்துப் பார்க்க வேண்டும். பெயின்ட்டுக்குக் கீழே பட்டி போட்டு மறைத்திருக்கிறார்களா என்று அறியக் காந்தம் வைத்துப் பார்ப்பது பழைய வழக்கம். ஒரு எச்சரிக்கை: ஷேடோவின் கதவுகள், பானெட், டிக்கி மூடி எல்லாம் அலுமினியம். அங்கே காந்தம் ஒட்டாதது இயல்பு. மற்ற இடங்களில் ஒட்டவில்லை என்றால்தான் சந்தேகம்.

இரண்டாவது ஹைட்ராலிக். எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்த வேண்டும். பிறகு சாவியை மட்டும் திருப்பி வைத்து, பிரேக்கைத் திரும்பத் திரும்ப மிதிக்க வேண்டும். அழுத்தம் சேமிக்கும் உருண்டைகள் நன்றாக இருந்தால், எச்சரிக்கை விளக்கு எரிவதற்குள் பல பத்து முறை மிதிக்கலாம். நான்கைந்து மிதியிலேயே எரிந்தால் பெரிய செலவு காத்திருக்கிறது. எந்தத் திரவம் ஊற்றினார்கள் என்பதும் முக்கியம். ஷேடோவுக்கு ஆர்ஆர்363 என்ற தனி பிரேக் திரவம். 1980-ல் அடுத்து வந்த சில்வர் ஸ்பிரிட்டுக்கோ கனிம எண்ணெய். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை ஊற்றினால் ரப்பர் சீல்கள் கெட்டு, பிரேக் அமைப்பு முழுவதையும் பிரித்து மேய வேண்டிவரும். ஒரு டப்பா எண்ணெயில் நடக்கும் தவறு, உயிருக்கே ஆபத்து.

மூன்றாவது எஞ்சின். இதுவும் அலுமினியம். குளிர்விக்கும் நீரில் சரியான துருத்தடுப்பான் இல்லாமல் வருடக்கணக்கில் ஓட்டினால் உள்ளிருந்தே அரிக்கும். பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள சிறு துளைகளில் நீர் கசிந்த தடம் இருந்தால், உள்ளே சிலிண்டர் லைனரின் சீல் போய்விட்டது என்று அர்த்தம். ஒரு ஆறுதல்: ஆட்டோமேடிக் கியர்பாக்ஸ் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் தயாரிப்பு. உழைக்கும், உதிரி பாகமும் கிடைக்கும்.

காகிதக் கட்டு

எல்லாவற்றையும் விட முக்கியம் காரோடு வரும் காகிதக் கட்டு. இங்கிலாந்தில் 1960-ல் எம்ஓடி என்ற தகுதிச் சோதனை தொடங்கியது. அந்தச் சான்றிதழ்களில் மீட்டர் அளவும் இருக்கும். வரிசையாக அடுக்கிப் பார்த்தால் மீட்டரைத் திருப்பியிருக்கிறார்களா என்று தெரிந்துவிடும். ஆனால் 2018 மே முதல், பெரிய மாற்றம் செய்யப்படாத 40 வயது தாண்டிய கார்களுக்கு அந்தச் சோதனை கட்டாயமில்லை. இன்று எல்லா ஷேடோக்களுமே 40 வயதைத் தாண்டியவை. சட்டம் கேட்காதபோதும் சோதனைக்கு அனுப்பியவர் காரைப் பார்த்துக்கொண்டவராக இருக்க வாய்ப்பு அதிகம். கார் மேல் பழைய கடன் பாக்கி இருக்கிறதா என்பதையும் அங்கே தனியாக விசாரித்துவிடலாம்.

"வாங்குபவரே, விழிப்பாயிரு" என்ற கொள்கை இங்கிலாந்தின் 1893 சரக்கு விற்பனைச் சட்டத்தில் இடம்பெற்றது. அதை ஒட்டியே எழுதப்பட்ட நம் இந்தியாவின் 1930 சட்டத்தில் 16-வது பிரிவு அதுதான். பரீட்சைக்கு இரண்டு மதிப்பெண் கேள்வி. பழைய ஷேடோவின் முன்னால் சாவியோடு நிற்பவருக்கு அது சில லட்சம் ரூபாய்க் கேள்வி.

பளபளப்பான பெயின்ட்டுக்கும் தோல் இருக்கைக்கும் மயங்காமல், பில்கள் நிறைந்த தடித்த கோப்போடு சற்று அதிக விலைக்கு வரும் காரை வாங்குவதே லாபம். முந்தைய உரிமையாளர் செலவழித்து முடித்த பணம் அந்த பில்களில் இருக்கிறது. கோப்பு இல்லாத மலிவான காரில், அந்தச் செலவு இனிமேல்தான் வரப்போகிறது.