ஆய்மகளும் ஆனின் பயனும்

மாடு என்னுஞ் சொல் செல்வம் என்னும் பொருளையும் உடையது. அச்செல்வத்தைப் பேணியவர் யாவர், அதன் பயனைக் கைக்கொண்டவர் யாவர் என்னும் வினா பழமையானது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையிலே, முல்லைநில வாழ்க்கையைக் கூறுமிடத்து, கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஆய்மகள் ஒருத்தியைக் காட்டுகின்றார். அவள் வைகறையில் தயிர் கடைந்து, மோரை விற்றுப் பெற்ற உணவாற் சுற்றத்தாரை ஊட்டுகின்றாள். நெய்க்கு விலையாகப் பசும்பொன்னைக் கொள்ளாது, எருமையையும் பசுவையும் நாகினையும் பெறுகின்றாள். உழைப்பும், அதன் விலையும், அவ்விலையை யாதாக்குவது என்னும் முடிவும் ஒரே கையில் இருந்தமை இதனாற் புலனாகும். ஒரு பாட்டைக்கொண்டு அக்காலப் பெண்டிர் அனைவர்க்கும் இவ்வுரிமை இருந்ததெனத் துணிதல் பொருந்தாது. எனினும், இக்காலத் திட்டங்களை ஆராய்தற்கு இஃது ஓர் அளவுகோலாகும்.

அத்தகைய திட்டங்களுள் பெரும்புகழ் பெற்றது குஜராத்திலே தோன்றியது. இடைத்தரகர் பாலுக்கு உரிய விலை கொடாமையால், கைரா மாவட்டத்து உழவர் 1946இல் கூட்டுறவு ஒன்றியம் ஒன்றை நிறுவினர். திரிபுவன்தாஸ் பட்டேல் அதற்குத் தலைமை தாங்கினார். 1949இல் ஆனந்த் நகருக்கு வந்த வர்கீஸ் குரியன் அதனை வளர்த்தார். அம்முறையே 1970 முதல் 1996 வரை மூன்று கட்டங்களாக இந்தியா எங்கும் பரப்பப்பட்டது. பாலுற்பத்தி பெருகியது, தரகரின் பிடி தளர்ந்தது. இவை மறுத்தற்கரிய நன்மைகள்.

ஆயினும், புல்லறுத்தல், தண்ணீர் காட்டுதல், தொழுவம் துப்புரவாக்கல், பால் கறத்தல் முதலியவற்றைப் பெரும்பாலும் பெண்டிரே செய்தனர். சங்கத்தின் உறுப்புரிமையோ குடும்பத்தலைவன் பெயரிலே பதிவாயிற்று. ஆகவே, பால்விலையும் கடனும் பயிற்சியும் ஆடவரையே பெரிதும் சென்றடைந்தன. முன்னர் வீட்டிலே வெண்ணெயும் நெய்யும் ஆக்கி விற்றுச் சிறுபொருள் ஈட்டிய பெண்ணுக்கு, பால் பாலாகவே சங்கத்துக்குச் சென்றபோது அவ்வருவாய் குன்றியது. கலப்பினப் பசு மிகுந்த தீனியும் கவனிப்பும் வேண்டுவதாதலின், அவளது வேலை கூடியது. பசு நோயுற்றதை முதலில் அறிபவள் அவளாயிருக்க, நோய்க்குறிகளைப் பற்றிய பயிற்சி அவள் கணவனுக்கு அளிக்கப்பட்டது. புதிய தொழில்நுட்பங்களை ஆடவர்க்கே கற்பித்தல் பெண்டிரைப் பின்தள்ளும் என்பதை எஸ்தர் போசரப் 1970இல் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டினார்.

திருத்தம் மெல்லவே வந்தது. இந்திய அரசு 1986–87இல் பெண்டிர்க்கான பயிற்சி, வேலைவாய்ப்பு உதவித் திட்டத்தைத் தொடங்கி, அதிற் பாற்பண்ணைத் தொழிலுக்குச் சிறப்பிடம் அளித்தது. 1995இல் தேசிய பால்வள மேம்பாட்டு வாரியம் பெண்டிரின் தலைமைக்கென ஒரு திட்டத்தை மேற்கொண்டது. ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் 2014இல் தோன்றிய ஸ்ரீஜா நிறுவனத்திலே பால் தரும் உறுப்பினர் அனைவரும் பெண்களே. விலையும் அவர்தம் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கே சேர்கின்றது.

எனினும், பெயரளவில் உறுப்பினராதல் போதாது. பெண்ணின் பெயர் ஏட்டிலும், முடிவு பிறர் கையிலும் இருத்தல் கூடும். ஆதலின் கால்நடைத் திட்டம் வகுப்போர், மாடுகளின் தொகையையும் பாலின் அளவையும் கணக்கிடுமுன், சில வினாக்களை எழுப்புதல் வேண்டும். புல் அறுப்பவர் யார்? அவர் வரக்கூடிய வேளையிலே பயிற்சி நடைபெறுமா? கடன் யார் பெயரில் வழங்கப்படும்? மாட்டை விற்க முடிவு செய்பவர் யார்? இவை கேளாது வகுத்த திட்டம் பாலைப் பெருக்கலாம். அப்பாலுக்கு உழைத்தவரின் வாழ்வை உயர்த்துமென்பதற்கு உறுதியில்லை.