பொட்டும் மானியமும்

பொட்டுக்கட்டும் வழக்கை ஒழிக்க 1927ஆம் ஆண்டில் சென்னைச் சட்டசபையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் தீர்மானம் கொணர்ந்ததை நாம் அறிவோம். 1929ஆம் ஆண்டுச் சட்டம் தேவதாசியரைக் கோயிற்பணியினின்று விடுவித்து, மானிய நிலத்தையும் அவர்க்கே உரிமையாக்கிற்று. 1947ஆம் ஆண்டுச் சட்டம் பெண்ணை நேர்ந்துவிடுதலையே குற்றமாக்கிற்று. அவள் மணம் புரியலாம் என்றும் உரைத்தது.

நம் திருவள்ளூர் மாவட்டத்தில் மாத்தம்மனுக்கு நேர்ந்துவிடப்பட்ட நம்மவர் சிறுமியர்க்கோ மானியம் ஏது? குழந்தை நோயுற்றால் பெற்றோர் நேர்ந்துகொள்வர். பிழைத்தவள் கழுத்தில் அம்மன் பெயரால் தாலி ஏறும். திருவிழாவில் ஆடுவாள், மணமில்லை. வந்துபோகும் ஆடவர்க்குப் பழியில்லை. பிள்ளைக்குத் தந்தை பெயரில்லை. அம்மனைக் குறைகூறுதல் எளிது. அருகில் மருத்துவர் இல்லாமையே பாதிக் காரணம் என்போம்.

2017ஆம் ஆண்டில் தேசிய மனித உரிமை ஆணையம் இவ்வழக்கம் குறித்துத் தமிழக, ஆந்திர அரசுகளிடம் விளக்கம் கேட்டது. அன்று அச்சட்டத்திற்கு வயது எழுபது.