தெரிஞ்ச ஆளு

அம்மையார்குப்பத்தில் என் சித்தி மகன் தறியை விட்டுவிட்டு வளைகுடாவுக்குப் போகிறான். வேலை எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். "நம்ம மாமாதாண்ணே ஏற்பாடு பண்ணாரு, தெரிஞ்ச ஆளு" என்றான். இந்தத் 'தெரிஞ்ச ஆளு'க்கு ஒரு வரலாறு உண்டு.

திருத்தணி வட்டாரம் முன்பு வட ஆற்காடு ஜில்லா. 1860இல் 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து நேட்டாலுக்குப் போனது தொடங்கி, இடையில் சில ஆண்டுகள் தவிர 1911 வரை, ஒப்பந்தக் கூலிகளை மிகுதியாக அனுப்பிய ஜில்லாக்களில் ஒன்று. ஐந்தாண்டு ஒப்பந்தம், எந்த முதலாளியிடம் என்பது கூலியின் கையில் இல்லை. அங்கே கட்டிப்போட்டது காகிதம்.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்தது உறவு. திருச்சி, சேலம் ஜில்லாக் கிராமங்களுக்குக் கங்காணி முன்பணத்தோடு வந்தான்; சொந்தக்காரன், சாதிக்காரன். வழிச்செலவு கடனாயிற்று. ஆட்கள் வேலைக்கு இறங்கிய நாளுக்கெல்லாம் அவனுக்குத் தலைக்காசு. தோட்டம் மாறுவதற்குத் 'துண்டு' வேண்டும்: கடனை அடைத்தால் ஆட்களை விடுவதாகத் துரை எழுதித் தரும் சீட்டு. புதிய துரை அதைக் கட்டுவான். தொகை மறுபடி ஆட்கள் தலையில் ஏறும். 1921இல் சட்டம் துண்டை ஒழித்தது.

புலம்பெயர்ந்தவனுக்கு வேலை தேடித் தருவது உறவுவலைதான் என்கிறது சமூகவியல். சரி. ஆனால் அந்த நம்பிக்கையே முதலாளிக்குக் கிடைக்கும் மூலதனமும்கூட. ஏமாந்தாலும் மாமாமேல் யார் புகார் கொடுப்பார்கள்?

"விசாவுக்கு எவ்வளவுடா?" என்றேன்.

"கடன்தாண்ணே. அங்க போயி சம்பளத்துல கழிச்சுக்குவாங்க."