தகரப்பாலும் தாய்ப்பாலும்

தமிழிலே ‘சத்து’ என்னும் சொல்லுக்கு இரு பொருள்கள் உண்டு. உணவின் சாரமும் சத்து, உண்மையும் சத்து. இவ்விரண்டையும் வாணிபம் வேறு வேறாகப் பிரித்துவிட்டது. பெட்டியின் மேலே சத்து என்ற எழுத்துக்கள் பெரிதாக இருக்கின்றன. உள்ளே இருப்பது வேறொன்றாக இருக்கின்றது. இதனை நாம் எல்லோரும் ஓரளவு அறிவோம். ஆயினும் அந்த எழுத்துக்களுக்கு அத்தனை அதிகாரம் எவ்வாறு வந்தது, அதனால் வாழ்ந்தவர் யார், மாண்டவர் யார் என்று கேட்பவர் மிகச் சிலரே. இக்கேள்விகளுக்கு விடை காண்பதற்கு ஒரே ஒரு பண்டத்தின் வரலாற்றைப் பின்தொடர்ந்து செல்வது போதும். குழந்தைகளுக்கு நலந்தரும் உணவென்று உலகெங்கும் விற்கப்பட்ட தகரப்பாலே அப்பண்டம்.

தகரப்பால் தீய நோக்கத்தோடு பிறந்த பொருளன்று. 19ஆம் நூற்றாண்டிலே ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆலைகள் பெருகின. ஆலைகளைச் சுற்றி நகரங்கள் வளர்ந்தன. நாட்டுப்புறத்துப் பசுவின் பால் நகரத்துக்கு வந்து சேர்வதற்குள் கெட்டுப்போனது. ஆலையிலே பத்துப் பன்னிரண்டு மணிநேரம் உழைத்த தாய்க்குத் தன் குழந்தைக்குப் பாலூட்ட நேரமிருக்கவில்லை. இந்நிலையிலே, கெடாத பால் ஒன்று தேவைப்பட்டது. 1856இல் அமெரிக்கரான கெயில் போர்டன் பாலைச் சுண்டவைத்துப் பாதுகாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1866இல் சுவிற்சர்லாந்தின் ‘காம்’ என்னும் ஊரிலே பேஜ் சகோதரர் கட்டிப்பால் ஆலையொன்றைத் தொடங்கினர். அதற்கடுத்த ஆண்டில், அதே நாட்டின் வெவே நகரத்திலே ஹென்றி நெஸ்லே என்பவர் பாலும் கோதுமை மாவும் சீனியும் கலந்த குழந்தையுணவு ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தார். புகழ்பெற்ற ஜெர்மானிய இரசாயன அறிஞர் லீபிக்கும் அக்காலத்திலே தமது பெயரால் குழந்தையுணவொன்றை உருவாக்கியிருந்தார். விஞ்ஞானியின் பெயர் சந்தைச் சரக்கின் மீது ஏறிய தொடக்கக் காலம் அது. காம் ஆலைக் கம்பனியும் நெஸ்லே கம்பனியும் 1905இல் ஒன்றிணைந்தன.

தாயிடமிருந்து நேரத்தைப் பறித்த அதே கைத்தொழில் அமைப்பு, பறித்த நேரத்துக்கு ஈடாக ஒரு தகரத்தை அவளுக்கு விற்றது என்பதை இங்கே நாம் மனங்கொள்ள வேண்டும்.

பாலிலே விலையுயர்ந்த பகுதி அதன் கொழுப்பு. அதனை எடுத்து வெண்ணெயாக்கி வசதியுள்ளோருக்கு விற்றுவிட்டு, எஞ்சிய பாலிலே சீனியை நிறையக் கலந்து சுண்டவைத்து, மலிவு விலையில் ஏழைகளுக்கு விற்கலாம். இவ்வாறு விற்கவும் செய்தனர். சீனி கலந்த கட்டிப்பாலில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு சீனியே. அதைக் குடித்த குழந்தை கொழுகொழுவென்று தோன்றும், தாயும் மகிழ்வாள். ஆனால் கொழுப்போடு ஏ, டி என்னும் உயிர்ச்சத்துக்களும் நீங்கிவிட்டன. ஏ உயிர்ச்சத்து இன்றேல் கண் கெடும். டி உயிர்ச்சத்து இன்றேல் எலும்பு வளையும்.

இதற்கு டென்மார்க் நாட்டின் அனுபவம் ஒரு கொடிய சான்று. வெண்ணெய்க்குப் பெயர்போன அந்நாட்டிலே, முதலாம் உலகப்போர்க் காலத்தில், வெண்ணெய் கப்பலேறி அந்நிய நாடுகளுக்குச் சென்றது. அதனை ஆக்கிய மக்களின் ஏழைக் குழந்தைகளோ கொழுப்பு நீக்கிய பாலையும் தாவரக் கொழுப்பிலான மாஜரினையும் உண்டு வளர்ந்தனர். அக்குழந்தைகளிடையே கண் உலர்ந்து பார்வை போகும் நோய் ஆண்டுதோறும் பெருகுவதைக் கோப்பன்ஹேகன் நகர வைத்தியர் புளொக் கண்டறிந்தார். 1917இன் இறுதியிலே, நீர்மூழ்கிக் கப்பற் போரினால் ஏற்றுமதி தடைப்பட்டது. அரசு வெண்ணெயைப் பங்கீட்டு முறையில் எல்லோருக்கும் மலிவாகக் கொடுத்தது. 1918இல் அந்நோய் ஏறக்குறைய மறைந்தே போயிற்று. மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. பொருள் பங்கிடப்பட்டது, கண்கள் பிழைத்தன.

உண்மை வெளிப்பட்ட பின்னர் பிரித்தானியாவிலே சட்டம் வந்தது. கொழுப்பு நீக்கிய கட்டிப்பால் குழந்தைகளுக்கு உகந்ததன்று என்று தகரத்தின் மீதே அச்சிடவேண்டும் என 1923ஆம் ஆண்டின் விதிகள் கட்டளையிட்டன. ஆளும் நாட்டின் குழந்தைக்கு இக்காவல் கிடைத்தது. ஆளப்பட்ட நாடுகளின் குழந்தைக்கு என்ன கிடைத்தது?

இக்கேள்வியை வாய்விட்டுக் கேட்டவர் ஒரு பெண் வைத்தியர். ஜமெய்க்காவிலே பிறந்த சிசிலி வில்லியம்ஸ் என்பவர் பிரித்தானியக் குடியேற்ற நாட்டுச் சேவையில் 1929 முதல் ஆபிரிக்காவின் கோல்ட் கோஸ்ட்டிலே, அதாவது இன்றைய கானாவிலே, பணிபுரிந்தார். அங்கே அடுத்த குழந்தை பிறந்ததும் தாய்ப்பாலை இழக்கும் முந்திய குழந்தைக்கு வரும் வீக்க நோயை ஆராய்ந்து, 1933இல் உலகுக்கு அறிவித்தார். அந்நாட்டுப் பெண்கள் அந்நோய்க்கு வழங்கிய ‘குவாசியோக்கர்’ என்ற பெயரையே அவர் வைத்தியத்துறைக்கும் தந்தார். ஏழைத் தாய்மாரின் சொல்லுக்குச் செவிசாய்த்த வைத்தியர் அவர்.

பின்னர் அவர் மலாயாவுக்கு மாற்றப்பட்டார். அக்கால மலாயாவின் றப்பர்த் தோட்டங்களிலே பால்வெட்டியவர்களுட் பெரும்பகுதியினர் தமிழ்த் தொழிலாளர் என்பதை நாம் மறத்தலாகாது. பிரித்தானியாவில் குழந்தைக்கு ஆகாதென்று அச்சிடப்பட்ட இனத்தைச் சேர்ந்த கட்டிப்பால், அங்கே மெலிந்த குழந்தைகளுக்குச் சிறந்த உணவென்று விளம்பரப்படுத்தப்பட்டது. தாதியரைப் போல உடையணிந்த பெண்கள் ஏழைகளின் குடியிருப்புக்களுக்குச் சென்று, உன் பாலிலும் இது மேலானது என்று பிள்ளை பெற்றவர்களிடம் கூறினர். 1939இல் சிங்கப்பூர் ரொட்டரிக் கழகத்திலே பேச அழைக்கப்பட்ட வில்லியம்ஸ் தமது உரைக்கு இட்ட தலைப்பு ‘பாலும் கொலையும்’ என்பதாகும். இத்தகைய பிரசாரத்தால் நேரும் குழந்தை மரணங்களைக் கொலை என்றே கருதவேண்டும் என்று, வணிகப் பிரமுகர்கள் நிறைந்த அச்சபையிலே அவர் அஞ்சாது கூறினார். மூன்று ஆண்டுகளுள் சிங்கப்பூர் ஜப்பானியர் கைப்பட்டது, அவரும் சிறைப்பட்டார். அவருடைய குரலை உலகம் மறந்தது.

போருக்குப் பின் குடியேற்ற நாடுகள் ஒவ்வொன்றாகச் சுதந்திரம் பெற்றன. மேலைநாடுகளிலே பிறப்பு வீதம் குறையத் தொடங்கிய 1960களில், பால்மாக் கம்பனிகளின் பார்வை இந்நாடுகளின் மீது முன்னிலும் கூர்மையாகப் பதிந்தது. கட்டிப்பாலின் இடத்தைப் பால்மா பிடித்துக்கொண்டது. அது கட்டிப்பாலிலும் திருந்திய பொருள் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஆய்வுகூடத்திலே நல்லதாயிருக்கும் பொருள் குடிசைக்குள் வரும்போது என்னவாகின்றது?

பால்மாவைக் கரைக்கச் சுத்தமான நீர் வேண்டும். சூப்பிப் போத்தலை அவிக்க விறகு வேண்டும். அளவை வாசித்தறியக் கல்வி வேண்டும். அடுத்த தகரத்தை வாங்கப் பணம் வேண்டும். நைஜீரியாவிலே மூன்று மாதக் குழந்தையைப் பால்மாவில் வளர்ப்பதற்கு ஆகும் செலவு, நகர்ப்புறக் குறைந்தபட்சக் கூலியில் நூற்றுக்கு 30 பங்கு என்று 1970களின் தொடக்கத்திலே கணக்கிடப்பட்டது. ஆகவே ஏழைத் தாய் ஒரு தகரத்தைப் பல நாளுக்கு வரும்படி நீரை மிகுதியாக ஊற்றினாள். குழந்தை ஒரு பக்கம் பட்டினியாலும் மறு பக்கம் வயிற்றோட்டத்தாலும் வாடியது. இதற்கிடையே, குழந்தை சுவைக்காத முலையிலே பால் வற்றிப்போயிற்று. பிரசவ விடுதியிலே இலவசமாகக் கொடுக்கப்பட்ட மாதிரித் தகரத்தின் சூழ்ச்சி இங்கேதான் இருக்கின்றது. முதற் தகரம் இலவசம். அது தீர்வதற்குள் தாய்ப்பால் தீர்ந்துவிடும். இரண்டாவது தகரத்தைக் கடன்பட்டாவது வாங்கியே ஆகவேண்டும். இவ்வாறு விளையும் ஊட்டக்குறைவுக்கு ‘வணிகத்தால் விளைந்த ஊட்டக்குறைவு’ எனப் பொருள்படும் பெயரொன்றை டெரிக் ஜெலிஃப் என்னும் குழந்தை வைத்திய அறிஞர் 1968இல் சூட்டினார்.

பெயர் வந்த பின் போராட்டமும் வந்தது. 1974இல் பிரித்தானியாவின் ‘வோர் ஒன் வோண்ட்’ என்னும் வறுமை ஒழிப்பு இயக்கம் ‘குழந்தைக் கொல்லி’ என்ற சிறு நூலை வெளியிட்டது. அதனைச் சுவிற்சர்லாந்தின் இளைஞர் குழுவொன்று நெஸ்லே கம்பனியின் பெயரைத் தலைப்பிலிட்டு ஜெர்மன் மொழியில் பதிப்பித்தது. கம்பனி அவதூறு வழக்குத் தொடர்ந்தது. 1976இல் தீர்ப்பு வந்தது: தலைப்பு அவதூறானதே என்று கூறி ஆளுக்கு 300 பிராங்கு தண்டம் விதித்த நீதிபதி, கம்பனியும் தன் விளம்பர முறைகளை மீளச் சிந்திக்கவேண்டும் என்று சொன்னார். வழக்கிலே கம்பனி வென்றது. உலகின் முன்னே அதன் வெற்றி தோல்வியைப் போலவே தோன்றியது.

1977இல் அமெரிக்காவிலே அக்கம்பனியின் பொருள்களைப் பகிஷ்கரிக்கும் இயக்கம் தொடங்கிற்று. 1978இல் செனற் சபை உறுப்பினர் எட்வேர்ட் கெனடி விசாரணை நடத்தினார். சுத்தமான நீர் இல்லாத இடத்திலே இப்பொருளை விற்கலாமா என்ற பொருளில் அவர் கேட்டபோது, நீரின் நிலைக்குத் தாம் பொறுப்பேற்க இயலாது என்ற கருத்திலேயே கம்பனிப் பிரதிநிதி விடையளித்தார். விற்கும் உரிமை தமக்கு. விளைவின் பொறுப்புப் பிறர்க்கு என்னும் கோட்பாட்டை இதனிலும் தெளிவாக எவரும் உரைத்தல் அரிது.

1981 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை, தாய்ப்பாலுக்கு மாற்றான உணவுகளை விற்கும் முறைபற்றிய சர்வதேச நெறிக்கோவையை ஏற்றுக்கொண்டது. பொதுமக்களுக்கு விளம்பரம் கூடாது, தாய்மாருக்கு இலவச மாதிரி கூடாது, விற்பனைப் பெண்கள் தாய்மாரை அணுகக்கூடாது என்பன அதன் முக்கிய விதிகள். ஆதரவு 118 வாக்குகள்; எதிர்ப்பு ஒன்றே ஒன்று. அந்த ஒரு வாக்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளுடையது.

இனி நமது நாட்டைப் பார்ப்போம். வில்லியம்ஸ் சிங்கப்பூரிலே உரையாற்றிய அதே 1939இல் இலங்கையிலே மகப்பேற்று நன்மைகள் சட்டம் இயற்றப்பட்டது. அதற்கும் முன்னரே, 1926இல், களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பகுதி நிறுவப்பட்டு, மருத்துவமாது வீடு தேடிச் செல்லும் முறைக்கு அடியிடப்பட்டிருந்தது. சர்வதேச நெறிக்கோவை வந்த இரண்டே ஆண்டுகளில், 1983இல், இலங்கை தனக்கென ஒரு கோவையை ஆக்கிக்கொண்டது. 2016ஆம் ஆண்டின் குடிசன சுகாதார மதிப்பீட்டின்படி, ஆறு மாதத்துக்குட்பட்ட இலங்கைக் குழந்தைகளில் நூற்றுக்கு 82 பேர் தாய்ப்பால் மட்டுமே உண்டு வளர்ந்தனர். செல்வம் கொழிக்கும் நாடுகள் பலவும் எட்டாத உயரம் இது. வீட்டு வாசலுக்குக் கூலி பெற்று வந்த போலித் தாதி மலாயாவிலே செய்த தீமையையும், அரசின் ஊழியராய் வந்த மருத்துவமாது இலங்கையிலே செய்த நன்மையையும் ஒப்புநோக்குவோர்க்கு, பொதுச் சேவை என்பதன் பொருள் தானே விளங்கும்.

ஆயினும் வரலாறு முடிந்துவிடவில்லை. உலகில் குழந்தைப் பால்மாவின் ஆண்டு விற்பனை ஏறத்தாழ 5,500 கோடி டொலர் என அண்மைக் கணக்குகள் கூறுகின்றன. 2024 ஏப்பிரலிலே ‘பப்ளிக் ஐ’ என்னும் சுவிற்சர்லாந்து அமைப்பு ஓர் ஆய்வை வெளியிட்டது. ஒரே கம்பனியின் ஒரே பெயர் கொண்ட குழந்தையுணவு, சுவிற்சர்லாந்திலே சீனி சேர்க்கப்படாமலும், இந்தியா முதலிய நாடுகளிலே சீனி சேர்க்கப்பட்டும் விற்கப்படுவதை அது எடுத்துக்காட்டியது. உள்ளூர்ச் சட்டங்களுக்கு உட்பட்டே விற்கின்றோம், சீனியைக் குறைத்தும் வருகின்றோம் என்பது கம்பனியின் விடை. 1923ஆம் ஆண்டின் தகரமும் இதையே சொல்லியிருக்கும்: பிரித்தானியாவில் பிரித்தானியச் சட்டம், மலாயாவில் மலாயாச் சட்டம்.

ஒன்றை நாம் தெளிவாகக் கூறவேண்டும். தாயை இழந்த குழந்தைக்கும், பால் சுரவாத தாய்க்கும், நோயுற்றவருக்கும் பால்மா இன்றியமையாதது. அவர்களைக் குறைகூறுவோர் வரலாற்றைத் தலைகீழாகப் படித்தவராவர். தாய்மாரின் அறியாமையே இத்தனைக்கும் காரணம் என்று சொல்வோரும் அவ்வாறே. அத்தாய்மார் அறிவை மதித்தவர்கள். வெள்ளையுடையையும் வைத்தியர் பெயரையும் நம்பியவர்கள். அந்த நம்பிக்கையே விலைப்படுத்தப்பட்டது. தாயின் நேரம் அவளுக்கே உரியதாக வேண்டும். அதற்குச் சம்பளத்துடன் கூடிய விடுமுறை வேண்டும். குழாயிலே வருவது குடிக்கத்தக்க நீராக வேண்டும். விற்பவன் வாய்க்குச் சட்டம் என்னும் கடிவாளம் வேண்டும். இம்மூன்றும் இல்லாத இடத்திலே தாய்க்குச் செய்யும் உபதேசம் வெறும் சொல்லாகவே முடியும்.

ஆசிரியர்களாகிய நமக்கும் இதிலே ஒரு கடமை உண்டு. நம் மாணவர் கையிலே இன்று சத்துமாவும் சத்துப்பானமும் சத்து விசுக்கோத்தும் இருக்கின்றன. அவற்றின் முன்பக்கத்துப் பெரிய எழுத்துக்களை அவர்களுக்கு நாம் கற்பிக்கவேண்டியதில்லை. விளம்பரமே அதைச் செய்துவிடுகின்றது. பின்பக்கத்துச் சிறிய எழுத்துக்களை வகுப்பறையிலே உரக்க வாசிக்கச் செய்வோம். முதலாவதாக எழுதப்பட்டிருப்பது சீனியா என்று பார்க்கச் சொல்வோம். இதை எழுதியவர் யார், யாருக்காக எழுதினார் என்று கேட்கவும் பழக்குவோம். இலக்கியத்தை அவ்வாறு வாசிக்கப் பழகிய மாணவன் தகரத்தையும் அவ்வாறே வாசிப்பான்.