அவள் தட்டிய கதவுகள்

மரணம் நிகழ்ந்த வீட்டில் முதல் நாள் எழும் கேள்வி ஒன்று. பல நாள் கழித்து எழும் கேள்வி வேறொன்று. "எப்படி நடந்தது?" என்பது முதற்கேள்வி. வந்தவரெல்லாம் அதைக் கேட்பர். அழுகையினூடே யாரேனும் ஒருவர் விடை சொல்வர். கூட்டம் கலைந்து, பந்தல் பிரிக்கப்பட்டு, வீடு வெறிச்சோடிய பின் எழும் இரண்டாம் கேள்வியை ஒருவரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. "நமக்கு முன்பே தெரிந்திருந்ததல்லவா?" என்பதே அது. கணவன் கையால் மனைவி மடிந்த வீடுகளில் இக்கேள்வி சுவர்களோடு தங்கிவிடுகிறது.

முதற்கேள்விக்கு விடை காண நீதிமன்றம் இருக்கிறது. கொன்றவன் யார், எந்தக் கருவியால், எந்த நோக்கத்தோடு என்று அது ஆராய்கிறது. குற்றம் மெய்ப்பிக்கப்பட்டால் தண்டனை விதிக்கிறது. கொன்றவன் தானும் உயிரை மாய்த்துக்கொண்டால் அந்த வழக்கும் இல்லை, கோப்பு மூடப்படுகிறது. ஆனால் இறந்தவள் உயிரோடிருந்த நாளில் எந்தெந்தக் கதவுகளைத் தட்டினாள், அவற்றுள் எவை திறந்தன, எவை திறக்கவில்லை என்று கேட்பது நீதிமன்றத்தின் பணியன்று. அதைக் கேட்பதற்கென்றே அரசு ஒரு குழுவை அமைக்கலாம் என்ற எண்ணம் உலகில் எவ்வாறு உருப்பெற்றது என்பதை இங்குச் சற்று எண்ணிப் பார்ப்போம்.

இதற்கு முன்னோடிகள் உண்டு. பிள்ளைப்பேற்றின்போது இறக்கும் தாய்மார் ஒவ்வொருவரின் மரணத்தையும், பெயரை மறைத்து, யாரையும் குற்றஞ்சாட்டாமல் ஆராயும் முறையை இங்கிலாந்தும் வேல்சும் 1952ஆம் ஆண்டில் தொடங்கின. மருத்துவர் ஒருவரைத் தண்டிப்பது அதன் நோக்கமன்று. அடுத்த தாயைக் காப்பதே நோக்கம். 1978இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டம் குழந்தைகளின் மரணங்களை ஆராய இதே போன்றதொரு குழுவை அமைத்தது. காவல்துறை, மருத்துவமனை, குழந்தை நலத்துறை ஆகியவை தத்தம் கோப்புகளை ஒரே மேசையில் விரித்தபோதுதான், தனித்தனியே பார்க்கையில் விபத்தாகத் தோன்றியவை உண்மையில் எவை என்பது புலப்பட்டது.

குடும்ப வன்முறைக்கு இம்முறையைக் கொண்டுவந்தது ஓர் பெண்ணின் சாவு. 1990ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சான் பிரான்சிஸ்கோ நகரில், மகன் படித்த பள்ளியருகே ஒரு தாயைக் கணவன் சுட்டுக் கொன்றான். பின்னர்த் தானும் மாண்டான். அவள் வாய்மூடி இருந்தவள் அல்லள். ஓராண்டுக்கும் மேலாகக் காவல்துறையையும் நீதிமன்றத்தையும் நாடிச் சென்றவள். "எல்லாம் செய்தாளே, ஏன் மாண்டாள்?" என்ற கேள்வி நகரை உலுக்கியது. நகரின் மகளிர் நிலை ஆணையம் விசாரணை நடத்தியது. துறைகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவில்லை, பணியாளருக்குப் போதிய பயிற்சி இல்லை, தகவல்கள் முறையாகத் திரட்டப்படவில்லை என்பன அதன் முடிவுகள். 1995இல் கலிபோர்னியா மாநிலம், மாவட்டந்தோறும் இத்தகைய மரணங்களை ஆராயும் குழுக்களை அமைக்க வழிவகுத்துச் சட்டம் இயற்றியது.

இந்த வரலாற்றில் நம் மக்களுக்கு நெருக்கமான பகுதி கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் நிகழ்ந்தது. ஈழத்திலிருந்து பெயர்ந்து சென்ற தமிழர் பெருந்தொகையாக வாழும் டொராண்டோ மாநகர் அம்மாகாணத்தில்தான் இருக்கிறது. அங்கு நிகழ்ந்த இரண்டு மரணங்கள் அரசை அசைத்தன. ஆய்வுக் குழுக்கள் தம் அறிக்கைகளில் இறந்தோரின் பெயரை மறைப்பது மரபு. நாமும் அம்மரபைக் கைக்கொள்வோம்.

முதலாவது, 1996ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் நாள். உலகம் மகளிர் நாளைக் கொண்டாடிய அன்றே, காலிங்வுட் என்னும் ஊரருகே ஐந்து குழந்தைகளின் தாயொருத்தியை அவளுடைய முன்னாள் துணைவன் சுட்டுக் கொன்று தானும் மாண்டான். அவன் அப்போது பிணையில் வெளியே இருந்தவன். அவளை நெருங்கலாகாது என்ற தடையும் இருந்தது. ஆயினும் துப்பாக்கி வாங்குவதற்குரிய சான்றிதழ் அவனிடமிருந்து பறிக்கப்படவில்லை. அதைக் காட்டியே துப்பாக்கி வாங்கினான். தாளில் எழுதிய தடை தாளிலேயே இருந்தது. தோட்டா அவளை அடைந்தது.

இரண்டாவது, 2000ஆம் ஆண்டு சூன் திங்களில், டொராண்டோவுக்குக் கிழக்கே உள்ள பிக்கரிங் நகரில். நீதிமன்ற ஆணையால் விலக்கப்பட்டிருந்த கணவன் பிணையில் இருந்த நிலையில் மனைவியின் வீட்டுக்குள் புகுந்தான். அவள் கைக்குழந்தையோடு தெருவுக்கு ஓடிவந்து, உதவிக்கு விரைந்த அண்டை வீட்டாரிடம் குழந்தையை ஒப்படைத்தாள். அவர்கள் முயன்றும் அவளை மீட்க இயலவில்லை. அவன் அவளை உள்ளே இழுத்துச் சென்றான். குழந்தை பிழைத்தது, தாய் பிழைக்கவில்லை.

ஒன்ராறியோவில் கொரோனர் எனப்படும் மரண விசாரணை அதிகாரியின் முன்னிலையில் நடைபெறும் விசாரணைக்குத் தனித்தன்மை உண்டு. ஐந்து பொதுமக்கள் ஜூரிகளாக அமர்வர். இறந்தவர் யார், எப்போது, எங்கே, எக்காரணத்தால், எவ்வகையில் இறந்தார் என்னும் ஐந்து கேள்விகளுக்கு அவர்கள் விடை கூற வேண்டும். எவர்மீதும் சட்டப் பொறுப்பைச் சுமத்த அவர்களுக்கு அதிகாரமில்லை. ஆனால் இனி இத்தகைய சாவு நேராதிருக்கப் பரிந்துரைகள் வழங்கலாம். முதல் வழக்கை 1998இல் ஆராய்ந்த ஜூரிகள் 213 பரிந்துரைகளை வழங்கினர். இரண்டாம் வழக்கின் ஜூரிகள் 2002இல் 58 பரிந்துரைகளை அளித்தனர். ஒவ்வொரு மரணத்திற்கும் இவ்வளவு நீண்ட விசாரணை நடத்துவது இயலாது. ஆனால் ஒவ்வொரு மரணத்திலும் பாடம் இருக்கிறது. ஆகவே எல்லா வழக்குகளையும் தொடர்ந்து படிக்கும் நிலையான குழு தேவையென்பது தெளிவாயிற்று. 2003ஆம் ஆண்டில் தலைமைக் கொரோனர் அலுவலகத்தின்கீழ் குடும்ப வன்முறை மரண ஆய்வுக் குழு பிறந்தது. கனடாவில் இத்தகைய குழு அதுவே முதலாவது.

அக்குழுவின் பணிமுறை எளியது. ஆனால் பொறுமை வேண்டுவது. நீதிமன்ற நடவடிக்கைகள் முற்றிலும் முடிந்த பின்னரே ஒரு வழக்கு அதன் முன் வரும். காவல்துறை, அரசு வழக்குரைஞர், மருத்துவத்துறை, பெண்கள் காப்பகங்கள், பல்கலைக்கழகம் எனப் பல துறைகளைச் சார்ந்தோர் கூடி அமர்ந்து, இறந்தவளின் இறுதி மாதங்களை, சிலபோது ஆண்டுகளை, நாள்வாரியாக வரிசைப்படுத்துவர். இந்நாளில் மருத்துவரிடம் சென்றாள். அந்நாளில் தமக்கையிடம் அழுதாள். இன்னொரு நாளில் அலுவலகத்துத் தோழியிடம் "அவர் என்னைக் கொன்றுவிடுவார்" என்றாள். சிதறிக் கிடந்த இத்தகைய துண்டுகள் ஒரே நூலில் கோக்கப்படும்போது, எவரும் எதிர்பாராத இடி என்று சொல்லப்பட்ட ஒன்று, பல நாளாகத் திரண்டு வந்த மேகம் என்பது தெரியவருகிறது.

பல ஆண்டுகள் படித்ததில் அக்குழு கண்டவை நம்மை நின்று எண்ணச் செய்கின்றன. ஆய்ந்த மரணங்களில் பெரும்பான்மையானவற்றில் ஏழு அல்லது அதற்கு மேற்பட்ட அபாய அறிகுறிகள் முன்னரே இருந்தன. அவற்றுள் அடிக்கடி காணப்பட்டவை இரண்டு: முன்பே நிகழ்ந்த வன்முறை, பெண் பிரிந்து சென்றமை அல்லது பிரிய முற்பட்டமை. "அடி தாங்க முடியவில்லையென்றால் விட்டுவிட்டு வரவேண்டியதுதானே?" என்று நாம் எளிதாகக் கேட்கிறோம். விட்டுவிட்டு வரும் அந்த வேளையே பேராபத்தான வேளை என்பதை இறந்தவர்கள் நமக்குச் சொல்லிச் சென்றிருக்கிறார்கள். வாசலைத் தாண்டியவளைத் தனியே விட்டுவிடலாகாது என்பது இதன் பொருள். மற்றொன்றும் உண்டு. காவல்துறைக்குத் தெரியாத பல வழக்குகள் உற்றாருக்கும் அயலாருக்கும் தெரிந்திருந்தன. என்ன செய்வது என்பதுதான் அவர்களுக்குத் தெரியவில்லை.

இங்கிலாந்து இதே முறையைச் சட்டத்தின் கடமையாக்கியது. 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, 16 அகவையும் அதற்கு மேலும் உள்ள ஒருவர் உறவினராலோ துணைவராலோ ஒரே வீட்டில் வாழ்பவராலோ வன்முறைக்கோ கொடுமைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளாகி இறந்தால் ஆய்வு நடத்த வகைசெய்தது. ஆனால் அப்பிரிவு நடைமுறைக்கு வந்தது 2011ஆம் ஆண்டு ஏப்ரல் 13இல்தான். எழுதிய சட்டம் எழுந்து நடக்க ஏழு ஆண்டுகள் ஆயின. கொடுமை தாளாமல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டோரின் மரணங்களும் பின்னர் ஆய்வுக்குள் கொண்டுவரப்பட்டன. எனவேதான் 2024ஆம் ஆண்டுச் சட்டம், 'குடும்பக் கொலை ஆய்வு' என்ற பழைய பெயரை மாற்றி, 'குடும்பக் கொடுமை தொடர்பான மரண ஆய்வு' என்று பெயரிட வகுத்தது. கொலை என்ற சொல்லுக்குள் அடங்காத மரணங்கள் எத்தனை என்பதை அப்பெயர் மாற்றமே உணர்த்துகிறது.

இம்முறை எல்லாவற்றையும் தீர்த்துவிட்டது என்று நாம் சொல்லவில்லை. 2015ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள், அதே ஒன்ராறியோவின் ரென்ஃப்ரூ மாவட்டத்தில் ஒரே காலைப்பொழுதில் மூன்று பெண்கள் ஒரே மனிதனால் கொல்லப்பட்டனர். மூவரும் அவனை அறிந்தவர்கள்; காவல்துறையும் அவனை நன்கு அறிந்திருந்தது. ஆய்வுக் குழு அமைந்து அப்போது பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. 2022இல் நடந்த விசாரணையில் ஜூரிகள் மேலும் 86 பரிந்துரைகளை வழங்கினர். பரிந்துரை கட்டளையன்று என்பதே இம்முறையின் வலுவின்மை. அரசு அதை ஏற்கலாம், மறுக்கலாம், மறக்கவும் செய்யலாம். அறிக்கையை எழுதுவோரோடு, அதை எடுத்துக் காட்டி "என்ன ஆயிற்று?" என்று ஆண்டுதோறும் கேட்போரும் வேண்டும். அவ்வாறு கேட்கும் பொறுப்பு அரசுக்குரியதன்று; அது மக்களுக்குரியது.

நம் நாட்டிலும் ஒரு கதவு திறக்கப்பட்டது. 1983ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி, மணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் ஒரு பெண் தற்கொலையாலோ ஐயத்திற்கிடமான முறையிலோ இறந்தால் நடுவர் ஒருவர் விசாரிக்க வேண்டும். தமிழ்நாட்டில் நாம் கோட்டாட்சியர் விசாரணை என்று அறிவது இதுவே. அது காத்த நீதி சிறிதன்று. எனினும் அதன் கட்டாயம் ஏழாண்டுக் கணக்கோடு நின்றுவிடுகிறது; எட்டாம் ஆண்டில் இறப்பவளுக்கு அந்த உறுதி இல்லை. தனியொரு மரணத்தின் காரணத்தை அறிவதே அதன் பணி. நூறு மரணங்களைச் சேர்த்து வைத்துப் படிப்பது அதன் பணியன்று. ஆனால் அவ்வாறு படிக்கத் தெரியாத மாநிலமன்று நமது. தாய் மரணம் நேர்ந்தால், ஆம்புலன்ஸ் எப்போது புறப்பட்டது, இரத்தம் எங்கே கிடைக்கவில்லை என்றெல்லாம் மாவட்டந்தோறும் தணிக்கை செய்யும் வழக்கம் இங்கே வேரூன்றியிருக்கிறது. பிள்ளை பெறும்போது இறந்தவளுக்காகக் கேட்கும் கேள்வியை, அப்பிள்ளையை வளர்க்கும் வீட்டில் அடிபட்டு இறந்தவளுக்காகவும் கேட்கலாகாதா?

அவள் தட்டிய கதவுகளில் நம்முடையதும் ஒன்றாக இருக்கக்கூடும். திருப்பலி முடிந்து தயங்கி நின்ற பெண்ணிடம், அன்பியக் கூட்டத்தில் முந்தானையால் கழுத்தை மூடிக்கொண்டு அமர்ந்திருந்தவளிடம், "பொறுத்துப் போ அம்மா, எல்லாம் சரியாகிவிடும்" என்று நம்மில் எத்தனை பேர் சொல்லியிருப்போம்! திருமணப் பிணைப்பைப் போற்றும் திருச்சபைச் சட்டமே, துணைவரால் உடலுக்கோ ஆன்மாவுக்கோ பேராபத்து நேரும்போது பிரிந்து வாழ நியாயமான காரணம் உண்டு என்று தன் 1153ஆம் விதியில் ஏற்கிறது. அதை அறியாமல் அவளைத் திருப்பி அனுப்புவது பொறுமையைக் கற்பிப்பதாகாது.

மேசைமேல் கோப்புகளை விரித்து அமரும் அக்குழுவினர் இறந்தவளை எழுப்ப வல்லவர்கள் அல்லர். அவளது கதையை இறுதிவரை கேட்கிறார்கள்; அவ்வளவே. உயிரோடிருந்தபோது எவரும் முழுதாகக் கேட்காத கதை அது. இன்று இவ்வரிகளை நாம் படித்துக்கொண்டிருக்கும் வேளையிலும் ஏதோ ஒரு தெருவில் ஒருத்தி பாதிக் கதையைச் சொல்லிவிட்டு நிறுத்தியிருப்பாள். மீதியைக் கேட்க இன்னும் காலம் இருக்கிறது.