குடும்ப முதலீட்டு அலுவலகம்: மலாக்கா, அலோர் காஜா வட்டாரப் பின்னணியில்

குடும்ப முதலீட்டு அலுவலகம் என்பது ஒரு செல்வக் குடும்பம் தன் நிலம், பங்கு, வைப்பு, வாடகை, கடன் எல்லாவற்றையும் ஒரே கூரையின்கீழ் கொண்டுவந்து நிர்வகிக்கத் தானே சம்பளம் கொடுத்து நடத்தும் தனி அமைப்பு. ஒரே குடும்பத்துக்காக இயங்குவது ஒரு வகை. பல குடும்பங்கள் செலவைப் பகிர்ந்துகொள்வது இன்னொரு வகை. கணக்கர், வழக்கறிஞர், முதலீட்டு மேலாளர் ஆகியோர் இதில் பணிபுரிவார்கள். வரி, உயில், அறக்கொடை, பிள்ளைகளின் படிப்புச் செலவு வரை இங்கேயே பார்க்கப்படும். நடத்தும் செலவு ஆண்டுக்குச் சொத்து மதிப்பில் 1 விழுக்காட்டை ஒட்டி வரும் என்பது துறையினரின் பொதுக் கணக்கு. சொத்து சிறிதானால் அந்த வீதம் ஏறிவிடும், ஆகவே நடுத்தரச் செல்வருக்கு இது கட்டுப்படியாகாது.

அமெரிக்க எண்ணெய்ச் செல்வர் ஜான் டி. ராக்கஃபெல்லர் 1882இல் தொடங்கிய அலுவலகத்தையே இத்துறை நூல்கள் முன்னோடியாகக் காட்டுகின்றன. மலாயாத் தமிழர் வரலாற்றை அறிந்தவருக்கு இது அரைகுறைச் செய்தி. முதலாளி ஊரில் இருக்க, நம்பிக்கைக்குரிய ஆள் கடல் கடந்துபோய்க் குடும்பப் பணத்தைப் பெருக்கி, மூன்றாண்டுக்கு ஒருமுறை கணக்கு ஒப்படைக்கும் முறை, ராக்கஃபெல்லர் அலுவலகம் திறப்பதற்கு முன்பே நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் எனப்படும் நகரத்தாரிடம் முழு வளர்ச்சி பெற்றிருந்தது.

மலாக்காவின் பழைய வணிகக் குடும்பங்கள்

மலாக்காத் துறைமுகத்தில் தமிழ் வணிகரின் முதலீடு நகரத்தார் வருகைக்கும் முந்தியது. 1511இல் போர்த்துகீசியர் நகரைக் கைப்பற்றியபோது அங்கு செல்வாக்குடன் இருந்த தமிழ் வணிகர் நைனா சாத்து. புதிய ஆட்சியாளர் அவரை இந்திய வணிகர்களின் தலைவராக, பெண்டஹாராப் பதவியில் அமர்த்தினர். அவர்களோடு கூட்டுச் சேர்ந்து பர்மாவின் பெகு முதலிய துறைகளுக்கு அவர் கப்பல் அனுப்பினார். 1514இல் பதவி பறிபோக, தீயில் இறங்கி உயிரை விட்டார். அக்காலத்திலேயே வாழ்ந்த இன்னொரு பெருவணிகர் நைனா சூரியதேவன். அரசு மாறினால் குடும்பச் செல்வத்தின் கதி என்ன என்ற கேள்வி, மலாக்காவில் அன்றே எழுந்துவிட்டது.

இந்த மரபில் வந்து, மலாய் மொழி பேசி, கம்போங் காஜா பெராங் பகுதியில் வாழ்பவர்கள் மலாக்காச் செட்டிகள். 1781ஆம் ஆண்டைச் சேர்ந்த பொய்யாத விநாயகர் கோயில் இவர்களுடையது. பெயரில் ‘செட்டி’ இருப்பதால் இவர்களையும் வட்டித்தொழில் நகரத்தாரையும் ஒன்றாக எழுதுவோர் உண்டு. இருவரும் வேறு வேறு சமூகத்தார்.

கிட்டங்கியும் பெட்டியடியும்

நகரத்தார் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் வந்தனர். சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலும் பினாங்கிலும் அவர்கள் தொழில் செய்த நீண்ட கூடங்களுக்குக் கிட்டங்கி என்று பெயர். ஒரு கிட்டங்கியில் பல முதலாளிகளின் ஆட்கள் இருப்பார்கள். சுவரோரம் வரிசையாகச் சிறு மரப்பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியின் முன்னும் பாயில் ஒருவர் சம்மணமிட்டிருப்பார். அந்தப் பெட்டிதான் மேசை, பெட்டகம், அலுவலகம் எல்லாம். பெட்டியடி என்ற சொல் இடத்தையும் தொழிலையும் சேர்த்தே குறித்தது. இரவில் அதே இடத்தில் படுக்கை, சமையல் பொது.

ஒவ்வொரு தொழிலுக்கும் விலாசம் உண்டு. பாட்டன், தகப்பன், மகன் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்து அமைத்தது அது. கடன்பத்திரம், உண்டியல், வழக்குமன்றத் தாள் எல்லாவற்றிலும் அந்த எழுத்துகளே நிற்கும். முதலாளி பெரும்பாலும் காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ சுற்றுக் கிராமத்திலோ இருப்பார். மலாயாவில் அவருக்காகப் பவர் பத்திரத்தோடு நின்றவர் மேலாள் என்ற ஏஜெண்டு. அவருக்குக் கீழே அடுத்தாள். அதற்கும் கீழே தொழில் பழக வந்த பெட்டியடிப் பையன். பிற்கால முதலாளிகள் பலர் பையனாகவே கப்பலேறியவர்கள். முதலாளியின் மகனும் இன்னொருவர் பெட்டியடியில் பழகுவது வழக்கம். சொந்தக் கடையில் கண்டிப்பு இருக்காது என்பது காரணம்.

மேலாளின் ஒப்பந்தக் காலம் வழக்கமாக மூன்றாண்டு. சம்பளம் முழுக்காலத்துக்கும் சேர்த்துப் பேசப்படும். ஒரு பகுதியைப் புறப்படும்போதே முன்பணமாகக் கொடுத்துவிடுவார்கள். இலாபத்தில் ஒரு பங்கும் உண்டு. கணக்கு அன்றாடம் குறிப்பேட்டில் ஏறிப் பேரேட்டுக்கு மாறும். ஐந்தொகை எடுத்து ஊருக்கு அனுப்ப வேண்டும். பிள்ளையார் சுழியில் தொடங்கும் அந்த ஏடுகளில் தமிழ் எண்களே பெரும்பாலும் இருந்தன. காலம் முடிந்ததும் அடுத்தவர் வந்து கணக்கை ஒப்புக்கொள்வார். பழையவர் ஊர் திரும்புவார்.

போட்ட பணம் முழுவதும் முதலாளியுடையதன்று. சொந்த முதல், முதல்பணம். உறவினரும் மற்றவரும் வைத்தது மேல்பணம். இதில் ஆச்சிமார் பணத்துக்குத் தனி இடம் உண்டு: மணப்பெண்ணின் சீதனமாக வந்த தொகை அவள் பெயரிலேயே வட்டி ஏறி வளரும், தொழில் நொடித்தாலும் அதைத் தொடுவது கௌரவக் குறைவு. கோயில் பணமும் இப்படியே வைப்பாகக் கிடந்தது. தங்களுக்குள் பணம் கொடுக்கல் வாங்கலுக்கு நடப்பு வட்டியை நகரத்தார் மாதந்தோறும் கோயிலில் கூடி முடிவு செய்தனர். வருமானத்தில் ஒரு சிறு வீதம் மகமையாகக் கோயிலுக்குப் போகும்.

இன்றைய அலுவலகத்தில் கண்காணிப்புக் குழு, வெளித் தணிக்கையாளர், இரட்டைக் கையொப்பம் என்று பெயரிடுவதையெல்லாம் இங்கே ஒன்பது நகரக்கோயில்களும் கொண்டான் கொடுத்தான் உறவும் செய்தன. கையாடிய மேலாளுக்கு மலாயாவில் வேலை போவதோடு முடியாது. ஊரில் அவன் மகளுக்கு வரன் அமைவதும் கடினம். இதை நேர்மையின் பொற்காலமாக வியப்பவர்கள் இன்னொன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும். கண்காணிப்பு சமூகத்துக்குள் மட்டுமே நின்றது. கடன் வாங்கிய மலாய்ச் சிறு நிலக்காரருக்கோ சீன வணிகருக்கோ அந்தக் கோயிலில் குரல் கிடையாது.

மலாக்காவில் நகரத்தாரின் முக்கியத் தலம் செங்கிலுள்ள சன்னாசிமலை ஆண்டவர் கோயில். மாசி மகத்தன்று வெள்ளித்தேர் நகரிலிருந்து அங்கே செல்கிறது.

ரப்பர், கடன், நிலம்

மலாக்காவின் வடமேற்கே, பழைய நானிங் பகுதியை உள்ளடக்கியது அலோர் காஜா மாவட்டம். மாச்சாப், டுரியான் துங்கல், ரெம்பியா, காடேக், மஸ்ஜித் தானா, தம்பின் ரயில் நிலையத்தை ஒட்டிய புலாவ் செபாங் ஆகியவை இதன் ஊர்கள். மலாயாவில் வணிக நோக்கிலான ரப்பர் நடவு இந்த மாநிலத்தில்தான் தொடங்கியது: 1896இல் தான் சாய் யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் 40 ஏக்கரில் பால்மரம் நட்டார். அவர் சிங்கப்பூர் வணிகர் தான் டோக் செங்கின் பேரன். மூன்றாம் தலைமுறை புதிய பயிரில் பணம் போட்டதற்கு நல்ல சான்று. பின்னர் லண்டன் கம்பெனிகள் வந்தன. தமிழ்த் தொழிலாளர் லயங்களில் குடியேறினர்.

ஐரோப்பிய வங்கிகள் கடன் தர மறுத்த சிறு தோட்டக்காரருக்கு நகரத்தார் நிலத்தை ஈடாக வாங்கிக் கடன் கொடுத்தனர். 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை படுத்தது. கடன் திரும்பவில்லை, ஈடு வைத்த நிலம் கைக்கு வந்தது. வட்டித்தொழிலாக இருந்த குடும்பச் சொத்து, விரும்பாமலே தோட்டச் சொத்தாக மாறியது இப்படித்தான். கூட்டரசு மலாய் மாநிலங்களில் மலாயர் நிலம் இப்படிக் கைமாற 1913இன் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் தடையாக நின்றது. நீரிணைக் குடியேற்றமாக இருந்த மலாக்காவில் வழக்குரிமை நிலங்களுக்குத் தனிக் கட்டுப்பாடு இருந்தது. மற்ற நிலம் கைமாறியது.

பர்மாவில் இதே போக்கு உச்சம் தொட்டது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் நகரத்தார் வசமிருந்த விளைநிலம் 1930இல் 6 விழுக்காடு; 1938இல் 25. அடுத்து ஜப்பானியப் படையெடுப்பும், 1948க்குப் பிறகு நில நாட்டுடைமையும் வந்து ஏறத்தாழ எல்லாம் போயிற்று. மலாயாவில் அப்படி ஒரேயடியாகப் பறிபோகவில்லை. குடும்பங்கள் விற்று, பிரித்து, வங்கிக்கும் பங்குக்கும் மாற அவகாசம் கிடைத்தது. எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் 1937இல் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி முதல் நாளிலேயே காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களில் திறக்கப்பட்டது. குடும்பப் பணத்தின் பழைய பாதை அந்த மூன்று பெயர்களிலேயே தெரிகிறது. அவர் 1954 மார்ச் 13 அன்று சிங்கப்பூர் காலாங் விமான விபத்தில் இறந்தார்.

மரண வரியும் கூட்டுக் குடும்பமும்

குடும்பச் சொத்து யாருடையது என்ற கேள்விக்கு விடை எழுதிய முக்கியமான வழக்கு இலங்கையில் நடந்தது. அங்கு பெருந்தொழில் நடத்திய அருணாசலம் செட்டியாரின் மகன் 1934இலும், தந்தை 1938இலும் இறந்தனர். இலங்கை அரசு மரண வரி கேட்டது. சொத்து தனியாருடையதன்று, பிரியாத இந்துக் கூட்டுக் குடும்பத்தினுடையது, எனவே விலக்கு உண்டு என்பது குடும்பத்தின் வாதம். 1957இல் இலண்டன் பிரிவி கவுன்சில் குடும்பத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. ஆண் வாரிசு ஒருவர்கூட மிஞ்சாத நிலையிலும், விதவைகளுக்குத் தத்தெடுக்கும் உரிமை இருந்ததால் குடும்பம் அறுபடவில்லை என்பது அதன் சாரம். இன்று ‘அறக்கட்டளை’ என்ற சட்டவடிவம் செய்யும் வேலையை அன்று கைம்பெண்களின் உரிமை செய்தது.

மலேசியா 1991 நவம்பரில் மரண வரியை எடுத்துவிட்டது, சிங்கப்பூர் 2008இல். ஆகவே இன்றைய மலேசியக் குடும்பங்கள் அமைப்பு உருவாக்குவதற்கு மரண வரி காரணமாக இல்லை. துண்டுபடுதலும் சண்டையும்தான் காரணம்.

தோட்டத்தைப் பிரிப்பது

1950களிலும் 60களிலும் பெருந்தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர் வேலையும் வீடும் இழந்தனர். இதைப் பற்றிய பொருளியலாளர் உங்கு அஜீஸின் ஆய்வு 1963இல் வெளிவந்தது. அதற்கு முன்பே, 1960இல், ம.இ.கா. தலைவர் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் 10 வெள்ளி கட்டி 100 வெள்ளிப் பங்கு பெற்ற தொழிலாளர்கள் சேர்ந்து தோட்டம் வாங்கினார்கள். செல்வர் குடும்பம் வீட்டுக்குள் செய்வதை, செல்வமில்லாத குடும்பங்கள் ஒன்றுகூடிச் செய்த முயற்சி அது.

பின்னர் தேசிய நிலச் சட்டத்தில் 214ஏ பிரிவு நுழைந்தது. ஒட்டிக் கிடக்கும் 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தை, எஸ்டேட் நில வாரியத்தின் ஒப்புதலின்றி இருவர் அல்லது அதற்கு மேற்பட்டோருக்கு மாற்ற முடியாது. ஓர் எடுத்துக்காட்டு. மாச்சாப் பக்கம் 60 ஹெக்டர் செம்பனை வைத்திருக்கும் குடும்பத்தில் நான்கு பிள்ளைகள் என்று கொள்வோம். ஆளுக்கொரு துண்டு எடுத்து நான்கு பேருக்கு விற்பது எளிதல்ல. ஆகவே நிலத்தை ஒரு சென்டிரியான் பெர்ஹாட் (தனியார்) கம்பெனியின் பெயரில் வைத்து, பிள்ளைகளுக்குப் பங்கு பிரித்துக் கொடுப்பார்கள். பழ வருமானம் கம்பெனிக்கு, ஈவுத்தொகை பிள்ளைகளுக்கு. நடைமுறையில் இந்த வட்டாரத்தின் குடும்ப அலுவலகம் இதுவே: ஒரு கடைவீட்டு மாடி, ஒரு கிராணி, வாரம் ஒருமுறை வரும் கணக்காளர்.

இதற்கு விலையும் உண்டு. 2022 முதல் குடிமகன் தன் பெயரிலுள்ள நிலத்தை ஆறாம் ஆண்டு அல்லது அதற்குப் பின் விற்றால் நில இலாப வரி இல்லை. கம்பெனி விற்றால் 10 விழுக்காடு. 2025 வரியாண்டிலிருந்து ஒருவரின் ஈவுத்தொகை ஆண்டுக்கு 1 லட்சம் ரிங்கிட்டைத் தாண்டினால் மிகுதிக்கு 2 விழுக்காடு வரி. தனியார் கம்பெனிக்கு 50 பங்குதாரர் என்பது உச்சவரம்பு. மூன்றாம் தலைமுறையில் அது நெருக்கும்.

பெருங்குடும்பங்கள்

மலேசியத் தமிழரில் இந்த அமைப்பின் பெரிய வடிவம் ஆனந்த கிருஷ்ணனுடையது. உசாஹா தெகாஸ் நிறுவனத்தின் வழியாக மேக்சிஸ், ஆஸ்ட்ரோ முதலியவற்றில் அவர் முதலீடு பரவியது. அதற்கு மேல் ஓர் அறக்கட்டளையும் அதன் அறங்காவலராகப் பான்ஓஷன் என்ற நிறுவனமும் இருந்தன. அந்த அறக்கட்டளையின் பயனாளிகள் குடும்பத்தினரும் அறநிறுவனங்களும் என்று அக்கம்பெனிகளின் ஆண்டறிக்கைகள் கூறின. 2024 நவம்பர் 28 அன்று அவர் காலமானார். மகன் பௌத்தத் துறவி. வாரிசு தொழிலுக்கு வராவிட்டாலும் சொத்து நடக்க வேண்டும் என்பதற்கு அறக்கட்டளை வடிவம் எவ்வளவு உதவும் என்பதை இந்தக் குடும்பம் காட்டுகிறது. வெஸ்ட்போர்ட்ஸ் துறைமுகத்தை வளர்த்த ஜி. ஞானலிங்கத்தின் குடும்பமும் பெம்பினான் ரெட்சாய் என்ற தனியார் நிறுவனத்தின் வழியே பங்கு வைத்துள்ளது. அவர் மகன் நிர்வாகத்தில் இருக்கிறார்.

சலுகைத் திட்டங்கள்

2024 செப்டம்பரில் மலேசியா ஜொகூரின் ஃபாரஸ்ட் சிட்டி சிறப்பு நிதி மண்டலத்தில் ஒற்றைக் குடும்ப அலுவலகங்களுக்கு 10 ஆண்டுக்கு 0 விழுக்காடு வரி அறிவித்தது; நீட்டிப்பும் கிடைக்கும். குறைந்தது 3 கோடி ரிங்கிட் சொத்து, இரண்டு முழுநேர ஊழியர், ஆண்டுக்கு 5 லட்சம் ரிங்கிட் உள்ளூர்ச் செலவு ஆகியவை தொடக்க நிபந்தனைகளில் சில. சிங்கப்பூரில் இத்தகைய அலுவலகங்கள் 2024 முடிவில் 2,000ஐத் தாண்டின. அங்கு 2023இல் பிடிபட்ட 300 கோடி சிங்கப்பூர் டாலர் கறுப்புப் பண வழக்கில் சிலர் குடும்ப அலுவலகத் தொடர்புடையவர்கள் என்று தெரியவந்ததும் சோதனை இறுகியது. அமெரிக்காவில் பில் ஹுவாங்கின் ஆர்க்கெகோஸ் 2021 மார்ச்சில் சரிந்தபோது கிரெடிட் சுவிஸ் வங்கிக்கு மட்டும் 500 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் இழப்பு. ஆர்க்கெகோஸும் சட்டப்படி குடும்ப அலுவலகம்தான். வெளியார் கண்காணிப்பு இல்லாமல் கடன் வாங்கிப் பந்தயம் கட்டியது.

சிறு சொத்துக் குடும்பங்கள்

அலோர் காஜாவில் பெரும்பான்மைக் குடும்பங்களுக்கு 3 கோடி என்பது பேச்சளவு. வீடு, சில ஏக்கர் செம்பனை, சேமநிதி, ஒரு கடைவீடு ஆகியவையே சொத்து. உயில் எழுதாமல் இறந்தால் 1958ஆம் ஆண்டுப் பகிர்வுச் சட்டம் பேசும். முஸ்லிம் அல்லாதவருக்கு, பெற்றோர் இல்லாதபோது மனைவிக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. பெற்றோர் உயிரோடிருந்தால் அவர்களுக்கும் நான்கில் ஒன்று உண்டு, மற்றவர் பங்கு அதற்கேற்பக் குறையும். சிறு சொத்து விண்ணப்பங்கள் நில நிர்வாகத் துறையில் விசாரிக்கப்படும்; அமானா ராயா நிறுவனமும் நிர்வகிக்கிறது. சிக்கல் பெரும்பாலும் தாத்தா பெயரிலேயே பட்டா நின்றுவிட்டதில் தொடங்கும். இரண்டு தலைமுறை வாரிசுகள் அத்தனை பேரின் கையொப்பமும் வேண்டியிருக்கும். கம்பெனி வைத்திருக்கும் குடும்பங்களில் அண்ணன் நிர்வாகம் செய்து தம்பிக்கு ஈவு கொடுக்காமலிருந்தால், 2016ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 346ஆம் பிரிவின்கீழ் சிறுபான்மைப் பங்குதாரர் உயர்நீதிமன்றம் போகலாம். பங்கை விலை நிர்ணயித்து வாங்கிக்கொள்ளும்படி உத்தரவிடவும், தேவையானால் கம்பெனியையே கலைக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.